இடது பக்கத்துப் பிள்ளையின் துடிப்பு

எட்டாம் மாதம் முடிகிற சமயம். வயிற்றில் இரட்டைப் பிள்ளைகள். ஸ்கேன் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா சட்டென்று பேச்சை நிறுத்தித் திரையையே உற்றுப் பார்த்தார்.

"இடது பக்கத்துப் பிள்ளைக்கு நடுநடுவுல ஒரு துடிப்பு முந்தி வந்துருது. அப்புறம் கொஞ்சம் நின்னு அடிக்கிது. பெரும்பாலும் தானா சரியாயிரும். சில பிள்ளைகளுக்குத்தான் ஒரேயடியா வேகமா ஓட ஆரம்பிச்சிரும். அப்படி ஆனா உங்களுக்கு மருந்து குடுக்கணும். அதனால வாரம் ரெண்டு தடவை வந்து காட்டுங்க. டீ, காப்பியை விட்ருங்க."

கூட வந்திருந்த மாமி, என் கணவரின் அம்மா, கடைசி வார்த்தையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

பேகம்பூரில் எங்கள் வீட்டு அடுப்பில் டீ கொதிக்காத பொழுதே கிடையாது. அன்று சாயங்காலமே டீத்தூள் டப்பா எதிர்வீட்டுக்குப் போனது. வாசம் பட்டாலே பிள்ளைக்கு ஆகாதாம். இதை டாக்டர் சொல்லவில்லை.

"அம்மா, நானா புள்ள பெக்கப் போறேன்?" என்றார் என் கணவர்.

"அத்தாவாகப் போறேல்ல? பேசாம இரு."

அதற்குப் பிறகு அவருக்குத் தினமும் நாகல் நகர் கடைத்தெருவில் ஏதாவது ஒரு வேலை வந்தது. திரும்பும்போது வாயில் கிராம்பு மணக்கும். மாமியோ டீ இல்லாத தலைவலிக்குத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு என் வயிற்றின் இடது பக்கத்தைத் திட்டுவார். "ஏலே, பக்கத்துல இருக்கிறதப் பாத்தாவது ஒழுங்கா அடிக்கக் கூடாதா?"

ஒரு நாள் வழக்கம்போல ஆஸ்பத்திரியில் வயிற்றைச் சுற்றி இரண்டு பட்டைகளைக் கட்டினார்கள். அவற்றில் பிள்ளைக்கு ஒன்றாகத் துடிப்பைக் கேட்கும் இரண்டு வில்லைகள். பெட்டியிலிருந்து இரண்டு குதிரைகள் ஓடுவது போலச் சத்தம் வரும். அன்று கொஞ்ச நேரத்தில் ஒரு குதிரை நடக்க ஆரம்பித்தது. இடது பக்கத்து எண் கிடுகிடுவென்று இறங்கிவிட்டது. நர்ஸ் என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

எனக்கு வேர்த்துக் கொட்டியது. மாமி என் காலைப் பிடித்துக்கொண்டு துஆ ஓதினார். ஓதிக்கொண்டே ஒரு கண்ணால் திரையையும் பார்த்தார்.

"ஏறுதுடி! அல்லா கேட்டுட்டான், ஏறுது!"

உண்மையிலேயே எண் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா ஓட்டமாக வந்தார். திரையைப் பார்த்தபடி என் மணிக்கட்டைப் பிடித்தார். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"இது உங்க நாடிம்மா. பிள்ளை நகந்துருச்சு. மெஷின் உங்க துடிப்பைப் பிடிச்சிருக்கு."

"அப்ப ஏறுனது?" என்றார் மாமி.

"அவங்க பயந்தது."

அவர் வில்லையில் இன்னும் கொஞ்சம் பசை தடவி, விலா எலும்புக்குக் கீழே நகர்த்தி நகர்த்தித் தேடினார். திடீரென்று கேட்டது. விறுவிறுவென்று நாலைந்து, ஒன்று முந்தி, ஒரு இடைவெளி, மறுபடி விறுவிறு. இத்தனை நாள் என்னைப் படுத்தி எடுத்த அந்தக் கோணல் தாளத்தைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. மாமி அழுதுகொண்டே சிரித்தார்.

துடிப்பு கடைசிவரை வேகமெடுத்து ஓடவில்லை. எனக்கு மருந்தும் தேவைப்படவில்லை. ஒன்பதாம் மாதம் ஆபரேஷனில் இரண்டும் பெண்ணாகப் பிறந்தன. முந்தித் துடிக்கிறவளின் நெஞ்சில் ஸ்டிக்கர் ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். அந்தக் கோணல் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது, அடுத்த மாதம் வாருங்கள் என்று அனுப்பினார் குழந்தை டாக்டர்.

அடுத்த மாதம் போனோம். அவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். மாமிக்குப் பொறுக்கவில்லை.

"என்ன டாக்டர், அந்தக் கோளாறு இருக்கா, இல்லியா?"

"நீங்க பேசாம இருந்தாத்தானே எனக்குக் கேக்கும்."

மறுபடி கேட்டார். ஈசிஜி காகிதத்தையும் இழுத்துப் பார்த்தார். நாங்கள் மூன்று பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது, மகள் அவர் சட்டைக் கைமேல் நன்றாக மூத்திரம் பெய்தாள்.

டாக்டர் கையை உதறிக்கொண்டே எழுந்தார்.

"எல்லாம் ஒழுங்கா வேலை செய்யுது. கூட்டிட்டுப் போங்க."