வலை வளைத்து முடியுமுன் அடித்துவிட்டேன்

இன்று காலை பனிச்சங்கேணி வாவியில் நான் செய்த காரியத்தை வேறு யாரும் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

இருபது வருடம் ஜாஸ் டிரம்ஸ் அடித்தவன், இப்போது பாட்டும் கிற்றாரும் இல்லாமல் தாள வாத்தியங்கள் மட்டுமே உள்ள குழுவொன்று நடத்துகிறேன் அல்லவா? அதற்குப் புது ஒலி தேடி அங்கே போனேன். மீனவர்கள் வலையை வளைத்து முடித்ததும், தோணி விளிம்பில் தடியால் அடித்து மீனை வலைக்குள் விரட்டுவார்கள். அதைப் பதிவு செய்ய வேண்டும்.

தோணிக்காரர் சசி என்னைவிட இளையவர். ஏறும்போதே சொன்னார்: "அண்ண, வளைச்சு முடியுமட்டும் சத்தம் போடாம இரிங்க. மறுகா நான் அடிப்பன்."

"ஓம் ஓம்" என்றேன்.

பாதி வலை இறங்கியிருக்கும். வலையில் கட்டிய மிதப்புகள் ஒவ்வொன்றாக விளிம்பில் தட்டித் தட்டி, ஒரே சீராக இறங்கின. என் கை சும்மா இருக்கவில்லை. பையிலிருந்த குச்சிகளை எடுத்து, அதோடு சேர்ந்து தோணியில் அடித்தேன். நன்றாகவே அடித்தேன்.

மணலை என்கிற மீன்கள் துள்ளித் துள்ளி, வலை இல்லாத பக்கமாகப் போய்விட்டன.

சசி ஏசவில்லை. வெறும் வலையை இழுத்துக்கொண்டே கேட்டார்: "பதிஞ்சிட்டீங்களா அண்ண? இன்னொருக்கா அடிக்கோணுமா?"

நான் குச்சிகளைப் பையில் போட்டு மூடினேன்.

போன கிழமை, "தாளக்காரனின் முதல் வேலை காது கொடுப்பது" என்று இங்கே எழுதியிருந்தேன். அதற்கு லைக் போட்டவர்கள் தயவுசெய்து திருப்பி எடுத்துவிடுங்கள்.

அந்தப் பதிவுக்கு விழுந்த முதல் லைக் சசியுடையது.