தளவாய் முழங்காலில் கை வைப்பதில்லை

குற்றாலம் மெயின் அருவிக்குப் போகிற வழியில், சீசன் நேரத்தில் எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்கிறவர்களில் தளவாயும் ஒருவர். மேலகரத்தில் எங்களுக்கு எதிர்வீடு. முதுகு, தோள், பிடரி, கெண்டைக்கால் என்று எல்லாம் தேய்த்துவிடுவார். முழங்காலைக் காட்டினால் மட்டும் கையை எடுத்துக்கொள்வார்.

"அதையும் ரெண்டு உருவு உருவும் அண்ணாச்சி, வலி உயிர் போகுது" என்று கெஞ்சினாலும் நடக்காது.

"அங்கன நான் கை வைக்கதில்ல. டாக்டர்ட்ட காட்டும்."

டாக்டர் என்ற சொல்லே முன்பெல்லாம் அந்த வாயிலிருந்து வராது. சுளுக்கோ பிடிப்போ, தன் கையும் அருவித் தண்ணீரும் போதும் என்பார். அப்படி ஒரு மிதப்பு. ஆமாம் போடுவதற்குத் தெருவில் ஆள் பஞ்சமும் இல்லை.

அவருக்கு ஒரே மகள், வேல்விழி. கபடியில் பாடிப்போனால் ஒருத்தியையாவது தொட்டுவிட்டுத்தான் திரும்புவாள். போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறி, உடல்தகுதித் தேர்வுக்குக் காத்திருந்த சமயத்தில் வடகரையில் ஒரு போட்டி. பிடிக்க வந்தவளை ஏமாற்ற ஒற்றைக்காலை ஊன்றிச் சட்டெனத் திரும்பினாள். பாதம் மண்ணிலேயே நிற்க, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. மூட்டுக்குள் 'டப்' என்று சத்தம் கேட்டதாம். கொஞ்ச நேரத்தில் முழங்கால் இளநீர்க்காய் மாதிரி வீங்கிவிட்டது.

தென்காசியில் ஸ்கேன் பார்த்த டாக்டர், மூட்டை உள்ளே இழுத்துப் பிடித்திருக்கும் லிகமென்ட் என்கிற தசைநார் அறுந்துவிட்டது என்றார். அது தானாக ஒட்டாது. ஆபரேஷன் செய்து வேறு நார் வைக்க வேண்டும். பிறகு பயிற்சி. மறுபடி ஓடியாட முக்கால் வருஷமாவது ஆகும்.

முக்கால் வருஷம் என்றதும் தளவாய் ஆளே மாறிப்போனார். தேர்வோ ஆவணியில்.

"போலீஸ் உடுப்பு கைக்கு வார நேரத்துல காலை அறுக்கச் சொல்லுதாரு. நம்ம கைல இல்லாத வைத்தியமா?" என்று மகளை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்.

காலையிலும் சாயங்காலமும் எண்ணெயைச் சூடாக்கி உருவினார். சாரல் தொடங்கியதும் அருவி. வெளியூர்க்காரர்களுக்குத்தான் அது குளியல். எங்களுக்குப் பாதி ஆஸ்பத்திரி. இடுப்பு பிடித்தாலும் கழுத்து பிடித்தாலும் தண்ணீர் விழுகிற இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம். பெண்கள் பக்கம் தளவாய் போக முடியாது. மனைவி மாடத்தியை மகளோடு அனுப்பிவிட்டு, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கத்துவார்.

"மூட்டை நேரா தண்ணிக்குக் காட்டுட்டி! நல்லா அடிக்கட்டும்!"

அந்த இரைச்சலில் அவளுக்கு என்ன கேட்டிருக்கும்.

வீக்கம் வடிந்தது. வலியும் போனது. வேல்விழி நொண்டாமல் நடந்தாள், பிறகு நேராக ஓடவும் செய்தாள். தளவாய் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருவது இங்கேதான். வலி போனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எவன் சொன்னான்? வீக்கம் எப்படியும் வடியும். அறுந்தது அறுந்தபடியே உள்ளே கிடக்கும். டாக்டர் இதைத்தானே படித்துப் படித்துச் சொன்னார்.

அவளும் சொல்லத்தான் செய்தாள். "படி இறங்கும்போது மூட்டு நழுவுத மாதிரி இருக்குப்பா."

"பயம்ட்டி அது. என் கைக்குத் தெரியாதா? கல்லு மாதிரில்லா இருக்கு."

தொடைச் சதை கல் மாதிரித்தான் இருந்தது. அவர் கைக்கு எட்டியது அவ்வளவுதான்.

அந்தக் கையை நம்பி அவள் தேர்வுக்குப் போனாள். ஓட்டத்தில் தேறிவிட்டாள். நீளம் தாண்டுதலில் எகிறி மணலில் இறங்கியபோது முழங்கால் உள்பக்கமாக மடங்கிவிட்டது. இரண்டு பெண் போலீஸ்காரர்கள்தான் தூக்கிவந்தார்கள். ஆசைப்பட்ட உடுப்பை அவள் அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அன்றைக்குத்தான் என்று மாடத்தி சொல்லிச் சொல்லி அழுதாள்.

இந்தத் தடவை மூட்டுக்குள் இருக்கும் ஜவ்வும் கிழிந்துபோயிருந்தது. திருநெல்வேலியில் ஆபரேஷன் நடந்தது. நடக்கலாம், உட்கார்ந்து பார்க்கிற வேலைக்குப் போகலாம், குதிப்பதும் கபடியும் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். "முதல்லயே செஞ்சிருந்தா மறுபடி ஆடியிருக்க வாய்ப்பு இருந்துச்சு" என்று அங்குள்ள டாக்டர் சொன்னபோது தளவாய் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வேல்விழி அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாராவது கேட்டால் மணல் சரியில்லை என்பாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் மனிதர் கொஞ்சமாவது தூங்கியிருப்பார்.

பிறகு தென்காசியில் பிசியோதெரபி. முஹ்ஸினா என்ற பெண் பயிற்சி கொடுத்தாள். தொடைச் சதை இறுகிக் கிடக்கிறது, வீட்டிலும் யாராவது பிடித்துவிட வேண்டும் என்று ஒருநாள் சொன்னவள், தளவாயைப் பார்த்துச் சிரித்தாள்.

"நீங்க இந்தத் தொழில்தானாமே. உங்களுக்கு நான் சொல்லியா தரணும்?"

தளவாய் எழுந்து ஓரடி முன்னால் வந்துவிட்டார். கை தன்னாலே நீண்டது.

வேல்விழி காலை மெதுவாக இழுத்துக்கொண்டாள்.

"அம்மாவுக்குச் சொல்லிக்கொடுங்கக்கா" என்றாள். "அப்பாக்கு வேலை இருக்கும்."

இப்போது சாயங்காலம் பீடி சுற்றுகிற தட்டை ஒதுக்கிவைத்துவிட்டு மாடத்திதான் பிடித்துவிடுகிறாள். எங்கள் வாசலிலிருந்து பார்த்தால் தெரியும். அவளுக்குப் பழக்கமில்லை, பெருவிரல் இடம் தவறித் தவறி அழுந்தும். வேல்விழி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வாள். தளவாய் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். இன்னும் கொஞ்சம் மேலே என்று சொல்ல வாய் திறப்பார். மகள் நிமிர்ந்து பார்த்ததும் மூடிக்கொள்வார்.