ஜவ்வரிசியில் முளைத்த நீர்ப்பிரமி

"லைன் வீட்ல டிஷ்யூ கல்ச்சரா? உனக்குப் பூஞ்சைதான் வளரும்" என்றார் நான் வேலை பார்க்கும் பெங்களூர் ஆய்வகத்தின் மேலாளர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டிலேயே செய்து காட்டினேன். கடற்பாசிக் கூழான அகாருக்குப் பதில் ஜவ்வரிசிக் கூழ், மளிகைக்கடைச் சர்க்கரை, ஜாம் பாட்டில், கிருமி நீக்க பிரஷர் குக்கர். சிறு தண்டுத் துண்டுகளிலிருந்து பாட்டில் நிறைய நீர்ப்பிரமி நாற்று.

சனிக்கிழமை காலை ஏழு மணி. ரயிலில் பங்காருபேட்டை, அங்கிருந்து பூதிகோட்டைக்கு பஸ். சுமார் பதின்மூன்று கிலோமீட்டர், பெண்களுக்குக் கட்டணமில்லை. மருந்துச் செடி பயிரிடும் விவசாயிகள், நாற்றை என்னிடம் வாங்குவதா, வெளியூர்க் கம்பெனியிடமா என்று முடிவுசெய்யும் நாள் அது.

"இன்னாம்மா, ஊறுகாயா?" என்றார் கண்டக்டர், என் மடிப் பெட்டியைப் பார்த்து.

"செடிங்க."

"உனக்கு ஃப்ரீ. செடி ஆம்பளையா பொம்பளையா?"

பஸ்ஸே சிரித்தது. நான் பெட்டியை இறுக்கிக்கொண்டேன்.

பத்தரை மணிக்குக் கூட்டம். குழாயில் கை கழுவிவிட்டு வருவதற்குள், கூட்டம் நடத்துபவர் எல்லா மூடிகளையும் கழற்றி, பாட்டில்களை வெயிலில் வரிசையாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டுத் திறந்தீங்க? பூஞ்சை ஏறிடும்."

"மூடி வெச்சா செடிக்கு மூச்சு முட்டாதா? ஜாம் பாட்டிலுக்கு இவ்ளோ கோபமா?"

ஏரிக்கரையில் நிலம் வைத்திருக்கும் முனிரத்தினம்மா குறுக்கே வந்தார். "கத்தாதம்மா. பொழைக்குமா, செத்துடுமா? அத்த சொல்லு."

"இப்பவே நட்டா பொழைக்கும். வேர் விட்டுடுச்சு." மூடி திறந்தவரிடம் திரும்பினேன். "நீங்க போய் தண்ணி கொண்டாங்க."

கொண்டுவந்தார். கூழிலிருக்கும் சர்க்கரைதான் பூஞ்சைக்குத் தீனி. பெண்கள் அதை வேரிலிருந்து கழுவினார்கள். நிழலில் ஈரமணலில் நட்டு, வாடாமலிருக்க பிளாஸ்டிக் கவரால் மூடினோம்.

கடைசியில் கூட்டம் நடத்தியவர், "கம்பெனி நாத்தே வாங்கிடலாம். அவங்களுக்கு ஏசி ரூம் இருக்கு" என்றார். பெரும்பாலோர் தலையாட்டினார்கள். முனிரத்தினம்மா மட்டும், "பாட்டில்ல போடறத என் வூட்ல வந்து காட்டு. சோத்துக் குக்கர்ல இத்தினி பாட்டில் கொள்ளாதே" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் என் கோபம் தணியவில்லை. குளிரூட்டிய அறையில் இருந்தால்தான் அறிவு என்று நம்புபவர்கள் பெங்களூரிலும் இருக்கிறார்கள், பூதிகோட்டையிலும் இருக்கிறார்கள். பங்காருபேட்டைக் கடைவீதியில் இருப்பதிலேயே பெரிய குக்கரை வாங்கினேன். என் ரயில் நின்றுகொண்டிருந்தது. ஏறாமல் பூதிகோட்டை பஸ்ஸுக்கே திரும்பினேன். இருட்டுவதற்குள் முனிரத்தினம்மா அடுப்பில் முதல் பாட்டில்கள் வெந்துகொண்டிருந்தன.