ராஜா எழுந்தால் பாட்டு நிற்கும்

“...அதெப்படிம்மா முடியும்? ஊரே நின்னு என் வாயையே பார்த்துட்டிருக்கும், நான் மட்டும் ஜம்முனு உக்காந்து வடை தின்னணுமா? நம்ம வீட்ல யாராவது அப்படிப் பண்ணியிருக்கோமா?”

இதைக் கேட்டது என் கணவர். கராஜில் நான் வியோலுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தேன். வெளியே எங்கள் அமெரிக்க ஊர் பிளசன்டனின் குளிர். தந்திகள் நான் ஒன்று சொன்னால் அவை ஒன்று சொல்லிக்கொண்டிருந்தன. இவர் வேறு வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

“நீங்க தின்ன வேண்டாம். ராஜா தின்னுவார். அன்னிக்கு நீங்க ராஜா,” என்றேன்.

“ராஜான்னா மனசாட்சி இருக்காதா?”

எரிச்சலில் வில்லைக் கீழே வைத்துவிட்டேன். அந்த மாதம் முழுக்க இதே பேச்சுதான்.

வியோல் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில்: பார்க்க செல்லோ மாதிரி இருக்கும், ஆனால் வீணை மாதிரி மெட்டுக் கட்டியிருக்கும், முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு வில்லால் வாசிக்க வேண்டும். பிரெஞ்சு ராஜாக்களின் அரண்மனையில் அதற்குத் தனி மரியாதை இருந்ததாம். எனக்கு யாரும் முறையாகச் சொல்லித்தரவில்லை. வாடகைக்கு ஒன்று எடுத்து, வீடியோக்களைப் பார்த்து, தப்புத் தப்பாக வாசித்து நானே பிடித்துக்கொண்டது. தந்தி ஆட்டுக்குடலில் செய்தது என்று தெரிந்த அன்று இவர், “நம்ம வீட்டுக்குள்ள ஆடு நுழைஞ்சது இதான் முதல் தடவை. சமையல்கட்டுப் பக்கம் கொண்டு வந்துடாதே,” என்றார். வியோல் கராஜுக்குப் போன கதை அதுதான்.

இவரை ராஜாவாக்கியது நான் இல்லை. எங்கள் குழுவின் தலைவி. ஓய்வுபெற்ற பள்ளி இசை ஆசிரியை, அமெரிக்கப் பெண்மணி, பியானோவுக்குப் பாட்டி முறையான ஹார்ப்சிகார்ட் வாசிப்பவர். உடம்பு பிளசன்டனில் இருக்கும், மனசு பிரெஞ்சு ராஜாவின் வெர்சாய் அரண்மனையில் இருக்கும். புல்லாங்குழலுக்குச் சான்டா கிளாராவிலிருந்து ஒரு சீனப் பெண் வருவாள். மூன்றாவது நான். அவ்வளவுதான் குழு. இந்த மூன்று பேரை வைத்துக்கொண்டு ‘ராஜாவின் ஒரு நாள்’ என்று ஒரு கச்சேரி நடத்துவதாகத் தலைவி அறிவித்துவிட்டார். ராஜா கண் விழிக்கும்போது, கோயிலுக்குப் போகும்போது, ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது என்று வரிசையாக அந்தந்த வேளைக்கான இசை.

அந்த ராஜா எழுந்திருப்பதைப் பார்க்கவே ஒரு கூட்டம் நிற்குமாம். அவருக்குச் சட்டையை எடுத்து நீட்டுவது யார் என்பதில் பிரபுக்களுக்குள் பெரிய போட்டியாம். இதை நான் வீட்டில் சொன்னபோது இவர், “சட்டை எடுத்துக் கொடுக்க அடிதடியா? இங்க கேட்டாகூட கிடைக்கறதில்லை,” என்றார். ராத்திரிச் சாப்பாடு இன்னும் விசேஷம். ராஜா மேஜையில் உட்கார்ந்து சாப்பிட, அரசவை சுற்றி நின்று பார்க்கும். சீமாட்டிகளில் உயர்ந்த பட்டம் உள்ளவர்களுக்கு மட்டும் முதுகு சாயாத சின்ன ஸ்டூல். மற்றவர்கள் நிற்க வேண்டியதுதான். முள்கரண்டி வந்த பிறகும் அந்த ராஜா கையால்தான் சாப்பிட்டாராம்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட வந்த தலைவி, இவர் ரசஞ்சாதத்தை ஒரு சொட்டு ஒழுகாமல் கையால் சாப்பிடும் அழகைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் தோளைத் தட்டி, நம் ராஜா கிடைத்துவிட்டார் என்று ஆங்கிலத்தில் சொன்னார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. கல்லூரியிலிருக்கும் மகளுக்குப் போன் போட்டுச் சொன்னார். அவள், “அப்பா கிங்கா? ஓ மை காட், ஐ ஆம் நாட் கமிங்,” என்று வைத்துவிட்டாள்.

சந்தோஷமெல்லாம் முதல் ஒத்திகை வரைக்கும்தான். மேஜைமேல் காலித் தட்டுகள். நாங்கள் வாசிக்க ஆரம்பித்ததும் இவர் இல்லாத வடையைக் கையில் எடுத்து, புல்லாங்குழல்காரியைப் பார்த்து, “ப்ளீஸ், யூ ஆல்சோ ஈட்,” என்றார். அவள் சிரித்ததில் ஊத வேண்டிய காற்றெல்லாம் வீணாய்ப் போயிற்று. அடுத்த வாரம் தலைவியையே சாப்பிடக் கூப்பிட்டார். ராஜா யாரையும் கூப்பிட மாட்டார் என்று தலைவி பொறுமையாக விளக்கினார். இவர் பொறுமையாகத் தலையாட்டினார். மறுபடியும் கூப்பிட்டார்.

எனக்கு அழுகையே வந்தது. சாப்பாட்டுப் பகுதியில் கடைசியாக வருவது என் பாட்டு. மெதுவான ஒரு நடன மெட்டு. நடனம் என்று பேர், அடியெடுத்து வைக்கவே யோசிக்கிற வேகம். வியோல் தனியாக முன்னால் போகும், ஹார்ப்சிகார்ட் பின்னாலிருந்து தாங்கும். ஒரு வருஷத்துக்கும் மேலாக அந்தக் கராஜில் கார் எண்ணெய் வாசனைக்கு நடுவே அதைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். நாலு பேர் முன்னால் நான் தனியாக வாசிக்கப்போவது அதுதான் முதல் தடவை.

தலைவியோ ஒரு சட்டம் வைத்திருந்தார். ராஜா நாற்காலியை விட்டு எழுந்தால் சாப்பாடு முடிந்தது என்று அர்த்தம். பாட்டு பாதியில் இருந்தாலும் சரி, ஆரம்பிக்காமலே இருந்தாலும் சரி, நின்றுவிடும். அரண்மனையில் அப்படித்தானாம். விளையாட்டுக்காவது இதைத் தளர்த்தலாமே என்று கேட்டுப் பார்த்தேன். அவர் கண்ணில் ஒரு தீவிரம் வந்தது. விட்டுவிட்டேன்.

“என் பாட்டு முடியற வரைக்கும் எழுந்திருக்காதீங்க. அது ஒண்ணுதான் கேக்கறேன்,” என்றேன் இவரிடம்.

“சீச்சீ, அது தெரியாதா எனக்கு?” என்றார்.

கச்சேரி ஒரு சர்ச் ஹாலில், ஞாயிறு மதியம். பாதிக் கூட்டம் தலைவியின் நண்பர்கள், மீதி எங்கள் தமிழ்க் கூட்டம். சமோசா எதிர்பார்த்து வந்தவர்களும் உண்டு. வாசலிலேயே என் தோழி ஒருத்தி, “ஏய், இதுல தாளம் போடலாமா, இல்ல மூச்சு மட்டும் விட்டுக்கணுமா?” என்று கேட்டாள். இந்த மாதிரி வார்த்தைகளுக்காகவே நான் அவளை எங்கே கண்டாலும் நிறுத்திப் பேசுவேன். அன்றைக்கு மட்டும் சிரிக்க முடியவில்லை.

கண் விழிக்கும் இசை நன்றாகப் போயிற்று. கோயில் இசையும் பழுதில்லை. பிறகு தலைவி எழுந்து, ராஜா சாப்பிடப்போகிறார், நீங்கள் எல்லோரும் அரசவை, தயவுசெய்து மேஜையைச் சுற்றி வந்து நில்லுங்கள், முடியாதவர்கள் பின்னால் நாற்காலியிலேயே இருக்கலாம் என்றார். ஸ்டூல்கள் கொஞ்சம்தான். என் தோழி பாய்ந்து ஒன்றைப் பிடித்து, “நான் சீமாட்டி, நான் சீமாட்டி!” என்று உட்கார்ந்துகொண்டாள்.

இவர் வந்தார். பட்டுச் சட்டை, மேலே ஒரு சரிகை அங்கவஸ்திரம். உண்மையிலேயே ராஜா மாதிரிதான் இருந்தார். மேஜைமேல் எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், வடை, தயிர்சாதம், பாயசம். எல்லாம் காலையில் நான் செய்தது. மற்றவர்களுக்கான சாப்பாடு பக்கத்து அறையில் மூடி இருந்தது, வாசனை மட்டும் மூடவில்லை.

புல்லாங்குழல் ஆரம்பித்தது. இவர் ஒரு வடையை விண்டு வாயில் போட்டார். கண்ணை உயர்த்தினார். ஊரே நின்று அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. மெல்லுவது மெதுவானது. வேண்டாம், நிமிராதீர்கள், தட்டைப் பாருங்கள் என்று நான் மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். நேர் எதிரே, தோழியின் மாமனார். திருச்சியிலிருந்து பிள்ளை வீட்டுக்கு வந்திருப்பவர், இரண்டு முழங்காலிலும் வலி. பின்னால் போய் உட்கார்ந்தால் ஒன்றும் தெரியாது என்று முன்னாலேயே மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மருமகள் சீமாட்டியானது தனிக் கதை.

புல்லாங்குழல் முடிந்தது. நான் வில்லைத் தந்திக்கு மேலே தூக்கினேன்.

நாற்காலி கிறீச்சிட்டது. ராஜா எழுந்துவிட்டார்.

“அங்கிள், நீங்க உக்காருங்க முதல்ல. எவ்வளவு நேரமா நிக்கறீங்க! வாங்க, வாங்க.”

தலைவியின் கை ஹார்ப்சிகார்ட் கட்டையை விட்டு விலகி மடியில் போய் விழுந்தது. கச்சேரி முடிந்தது என்று நினைத்து ஹாலில் கைதட்டல், சாப்பாட்டு அறைப் பக்கம் காலடிச் சத்தம். என் வில் அந்தரத்தில். ஒரு வருஷத்துக் கராஜும் குளிரும் எலுமிச்சைச் சாதத்தோடு போயிற்று. அந்த நிமிஷம் இவரை என்ன செய்யலாம் என்று எனக்குத் தோன்றியதை எழுத முடியாது.

இவர் அதையெல்லாம் கவனிக்கவே இல்லை. அங்கிளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து ராஜாவின் நாற்காலியில் உட்கார வைத்து, புதுத் தட்டில் சாதத்தைப் பரிமாறிக்கொண்டிருந்தார்.

“அதுக்குள்ள ஆட்சி மாறிடுச்சா?” என்றாள் ஸ்டூலிலிருந்து என் தோழி.

தலைவி நாற்காலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி நாற்காலி. அவர் சட்டப்படி அது காலியாக இருந்தால்தானே பாட்டு நிற்க வேண்டும்? அதில் ஒருவர் உட்கார்ந்திருந்தார், கையால் சாப்பிடவும் ஆரம்பித்திருந்தார். தலைவியின் விரல்கள் மெல்லக் கட்டைக்குத் திரும்பின. என் பாட்டின் முதல் சுரக்கூட்டு விழுந்தது. சாப்பாட்டு அறைக்குப் போனவர்கள் அப்படியே நின்று திரும்பினார்கள். எனக்கு யோசிக்க நேரமில்லை. வில்லை இறக்கினேன்.

வாசித்துக்கொண்டே ஓரக்கண்ணால் மேஜையைப் பார்த்தேன். இத்தனை பேர் பார்க்கச் சாப்பிடுகிற கூச்சத்தில் அங்கிள் வாரி வாரி அடைத்துக்கொண்டிருந்தார். நான் பாதிகூடத் தாண்டவில்லை, தட்டு காலி. கை கழுவ இடம் தேடி இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். எழுந்திருக்க இடது கையை மேஜையில் ஊன்றினார்.

இவர் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தலைவியைப் பார்த்தார்.

“இருக்கட்டும்பா, போதும், ரொம்ப ஆச்சு,” என்று அங்கிள் எழுந்திருக்கப் போனார். இவர் அவர் தோளில் கையை வைத்து மெல்ல அழுத்தி உட்கார வைத்து, இன்னொரு கரண்டி தயிர்சாதத்தைத் தட்டில் போட்டார்.