பானை இருக்கும் இடம்

பஸ் வரும்வரை பனிக்கு ஒதுங்க, ஸ்காபரோவில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை ஒன்றில் நுழைந்து நிற்கிறேன். மேசையில், யாரோ சட்டம் போடக் கொடுத்த இரண்டு பழைய படங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியப் பயணிகளின் புத்தகங்களுக்காகத் தகட்டில் செதுக்கி அச்சிட்டவை. இரண்டிலும் பாலைவன நாடோடிகள் கூடாரத்தைப் பிரித்து ஒட்டகங்களில் மூட்டை ஏற்றுகிறார்கள். மணலில் விழும் நிழலைக்கூட மயிரிழைக் கோடுகளாக இழைத்திருக்கிறார்கள்.

பெரிய படம்தான் எனக்குப் பிடிக்கிறது. அதையே கடைக்காரர் விரலால் தள்ளி வைக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பது வயதிருக்கும்.

"உந்தப் படம் கீறினவன் சனம் வெளிக்கிடுறதைக் கண்ணால காணேல்லை, அக்கா."

"எப்படிச் சொல்றீங்க?"

"பானை அடியில கிடக்கு, அதுக்கு மேல கம்பளம். போய் இறங்கினவுடன பிள்ளையள் பசியெண்டு அழுங்கள். முதல் எடுக்கிறது பானைதான். சின்னப் படத்தைப் பாருங்கோ, பானை உச்சியில."

குனிந்து பார்க்கிறேன். ஆமாம், உச்சியில்தான்.

"ஒட்டகத்தில் ஏற்றிப் பழக்கமா?"

"ஒட்டகத்தை நான் எங்க கண்டன்! சண்டைக்குள்ள இடம்பெயரேக்க ட்ராக்டர் பெட்டியில ஏழு தரம் ஏத்தியிருக்கிறன்."

வரும் சனிக்கிழமை பிக்கரிங்கில் வாங்கிய வீட்டுக்குக் குடிபோகிறார்களாம். சாமான் ஏற்ற ட்ரக்கும் ஆட்களும் வருவார்களாம்.

"அப்போ பானை ட்ரக்கில் மேலேயா, கீழேயா?"

அவர் சிரிக்கிறார்.

"என்ர மனிசி ட்ரக்கில விடமாட்டாவாம். காரில மடியில வைச்சுக்கொண்டு வாறாவாம்."