குழம்பு ஊற்றாத சோறு

எங்கள் அன்னதானக் குழுவின் புதிய நிர்வாகிகளில் ஒருவர்கூட எச்சில் இலை எடுப்பதில்லை. பேட்ஜ் குத்திக்கொள்கிறார்கள், மைக் பிடிக்கிறார்கள், அவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. நானும் அப்படி நின்றவன்தான்.

மூன்று வருடங்களுக்கு முன், வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள் துவாதசி காலை. ஸ்ரீரங்கத்தில் ஒரு வாடகை மண்டபம். முதல் நாள் முழுக்க விரதம் இருந்தவர்கள் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். பந்திப் பொறுப்பு எனக்கு. வாசலில் கூட்டம் நெருக்கியது. "சாப்பிட்டவங்க எழுந்திருங்க, அடுத்த பந்தி நிக்குது" என்று மைக்கில் கத்திக்கொண்டே இருந்தேன்.

வரிசையில் நாலு பேர் எழுந்தால் மற்றவர்களுக்கு உட்கார்ந்திருக்கக் கூச்சம். மொத்த வரிசையும் எழுந்துவிட்டது. பச்சைமலையிலிருந்து கணவரோடு வந்திருந்த ஒரு அம்மாவும் இலையை மடித்துவிட்டு எழுந்தார். வாசல் வரை போனவர், தலை சுற்றிச் சுவரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் குழுத் தலைவி ஓடி வந்தார். எடமலைப்பட்டி புதூரில் தையல் கடை வைத்திருப்பவர், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். கையில் இலைக் கூடை.

"சாப்பிட்டீங்களாம்மா?"

"ஆச்சுங்க."

"பொய் சொல்லாதீங்க. உங்க இலையை நான்தான் எடுத்தேன். குழம்பே ஊத்தாத சோறு அப்படியே இருந்துச்சு."

அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். "மோர்க்குழம்பு வர்றதுக்குள்ள எழுந்திருக்கச் சொல்லிட்டாங்க..."

"மலைக்குப் பஸ் போயிடுமேங்க" என்று கணவர் தவித்தார். "எங்க வண்டியில கொண்டுபோய் பஸ் ஏத்திவிடுறோம், நீங்களும் உட்காருங்க" என்று சொல்லி, இருவருக்கும் புது இலை போட்டுத் தலைவியே பரிமாறினார். பிறகு என்னிடம் வந்தார்.

"அண்ணே, மைக்கை வச்சிட்டுக் கூடையைத் தூக்குங்க."

"நான் பொறுப்பாளர்ங்க."

"அதனாலதான் சொல்றேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பேட்ஜ் குழம்புல விழுந்துடப் போவுது, பாத்துண்ணே" என்று இலை எடுக்கும் பெண்கள் சிரித்தார்கள். கடுப்போடு குனிந்தேன். அதே வரிசையில் இன்னும் பல இலைகளில் வெள்ளைச் சோறு காய்ந்து கிடந்தது. அத்தனை பேரையும் பசியோடு எழுப்பியது என் வாய்தான். மைக்கோடு நிமிர்ந்து நின்ற வரைக்கும் அதில் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

அந்தத் தலைவி இப்போது பதவியில் இல்லை. போன துவாதசியில் மறுபடியும் அதே மைக், அதே விரட்டல். நான் எடுத்த இலைகளில் மறுபடியும் குழம்பு படாத சோறு. பசித்தவரிடம் கேட்டால் கூச்சப்பட்டு "ஆச்சுங்க" என்றுதான் சொல்வார். குனிந்து இலை எடுக்கிறவருக்குத்தான் உண்மை தெரியும் என்பதை அன்றிலிருந்து நான் மறக்கவில்லை.

நிர்வாகிகளே, வருகிற கூட்டத்தில் அதே மைக்கைப் பிடித்து எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள்: போன துவாதசியில் உங்களில் யார் ஓர் இலையாவது எடுத்தீர்கள்?