வளைந்த கிரேன்

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த கம்பெனியின் வாட்ச்மேன், முன்பு சென்னைத் துறைமுகத்தில் சரக்கு இறக்கியவர். நரைத்த முறுக்கு மீசை, பட்டன் தெறித்த காக்கிச் சட்டை. தினமும் வரும் வண்டிகளின் நம்பர் பிளேட்டை அவர் பார்க்கவே மாட்டார். நசுங்கிய இடத்தைப் பார்த்தே எந்த வண்டி என்று நோட்டில் எழுதிவிடுவார்.

வரவேற்பறையில் பழைய சரக்குக் கப்பலின் போட்டோ ஒன்றை மாட்டினோம். முதலாளியின் தாத்தா வைத்திருந்த கப்பல் என்றார் மேனேஜர். அவர் சொன்ன கப்பல் பெயரை டைப் அடித்து அடியில் ஒட்டியவன் நான்தான். சாவி கொடுக்க வந்த வாட்ச்மேன் அதைப் படித்ததும் அவர் முகம் கறுத்தது.

"இன்னா சார், பொய் எழுதி வெச்சிகீறீங்க? இது வேற கப்பல். இதுமேல ரெண்டாவது கிரேன் வளைஞ்சிகீது பாருங்க. அது வளைஞ்ச அன்னிக்கு என் பக்கத்துல நின்னவன் செத்தான்."

"கப்பல் பேரே போட்டோல தெரியலியே" என்றேன்.

"பேர பெயிண்ட் அடிச்சி மாத்தலாம் சார். அடிபட்ட எடத்த மாத்த முடியாது."

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். "வாட்ச்மேன் சொன்னா கழட்டிடணுமா?" என்று எரிந்து விழுந்தார். மறுநாள் காலை அந்தப் பெயர் சாவியால் சுரண்டப்பட்டிருந்தது. மேனேஜர் மறுபடி ஒட்டச் சொன்னார். அதே பெயரை டைப் அடித்து ஒட்டினேன். அதை நினைத்தால் இன்றும் என் மேல்தான் ஆத்திரம் வருகிறது.

என் ஸ்கூட்டரின் நசுங்கிய பக்கத்தைத் தட்டிச் சிரித்து அனுப்புகிறவர், அன்று மாலை கேட்டில் என்னை நிறுத்தினார். குனிந்து, நம்பர் பிளேட்டை எழுத்தெழுத்தாகப் படித்து எழுதிக்கொண்டார். பிறகு நிமிராமலே கேட்டார்.

"வண்டி யாருது சார்?"